காதுக்குக் கீழே இழுக்கிற புளிப்பு

ஜூன் 4, செவ்வாய்

கூரியர் அலுவலகத்தில் இன்று முழுக்கத் தொலைந்த பார்சல்களுக்கு மன்னிப்புக் கடிதங்கள். எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். மதியக் கூட்டத்தில் "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்கள். எனக்கு ஒன்று இருந்தது. தொண்டை வரை வந்து, வழக்கம்போல் திரும்பிப் போய்விட்டது.

வீட்டு வாசலிலேயே தீய்ந்த வாடை. அம்மா அடுப்பை ஒட்டி நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முழங்கைக்குப் பக்கத்தில் பால் கருகிக்கொண்டிருந்தது. "அம்மா, பால்!" என்றேன். திரும்பிப் பார்த்தாள். பார்த்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

உட்காரவைத்துக் கேட்டேன். போன மாதம் வந்த காய்ச்சல், போகும்போது மூக்கையும் நாக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டதாம். "சோறும் பஞ்சும் ஒண்ணுதான்டி எனக்கு." டாக்டர் திரும்பி வரும் என்கிறாராம். எப்போது என்று சொல்லவில்லையாம்.

அம்மா ஒரு கம்பெனி கேன்டீனில் தலைமைச் சமையல்காரி. இத்தனை நாள் எப்படிச் சமாளித்தாள்? "உப்பைக் கையே போடுது. கைக்குத்தான் காய்ச்சல் வரலியே" என்று சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. "சமையல்காரிக்கு நாக்கு போறதும், வேன் ஓட்டுற உங்கப்பாவுக்குக் கண்ணு போறதும் ஒண்ணு. தெரிஞ்சா பாத்திரம் தேய்க்கிற பக்கம் தள்ளிடுவாங்க. வாயத் திறக்காத."

வாயைத் திறக்காமல் இருப்பது ஒன்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாத வித்தை.

ஜூன் 8, சனி

கேன்டீன் மேனேஜர் புதுப் பட்டியல் போடுகிறாராம். பொரித்த காலிஃபிளவர், அதன் மேல் இனிப்பும் புளிப்புமாக ஆரஞ்சு சாஸ். இருபத்திரண்டாம் தேதி அவரும் கம்பெனி ஆட்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து ருசி பார்ப்பார்கள்.

"வேற எந்தச் சமையலா இருந்தாலும் பரவாயில்ல. இத நான் செஞ்சதே இல்லடி. கைக்குத் தெரியாதத எப்படிச் செய்யுறது?"

சிறிது நேரம் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ படிச்சவதானே. எப்படிச் செய்யணும்னு பாரு. அப்புறம்… நீ ருசி பாத்துச் சொல்லு."

என் பட்டம் கூடத்துச் சுவரில் சட்டத்துக்குள் தொங்குகிறது. அப்பா அதைத் தினமும் துண்டால் துடைப்பார். எங்கள் இரண்டு பக்கச் சொந்தத்திலும் முதல் பட்டம் அது. ஆனால் சமையலறைக்குள் அதைக் கூப்பிட்டது இன்றுதான். எனக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்? முட்டை அவிக்கக்கூடத் தெரியாதவள் நான்.

ஜூன் 9, ஞாயிறு

முதல் முயற்சி. நான் வீடியோவைப் பார்த்துச் சொல்ல, அம்மா செய்தாள். ஆரஞ்சுத் தோலை நன்றாகத் துருவிச் சேர்க்கச் சொன்னேன். சாறு, பூண்டு, இஞ்சி, சர்க்கரை, வினிகர், சோயா சாஸ், கடைசியில் தண்ணீரில் கரைத்த சோள மாவு. என்ன நிறம்! கண்ணாடி மாதிரிப் பளபளவென்று இருந்தது. கரண்டியின் பின்பக்கம் தடவி விரலால் ஒரு கோடு இழுத்தாள். கோடு அப்படியே நின்றது. "பதம் வந்துடுச்சு. ருசி?"

வாயில் வைத்தேன். கசந்தது. நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுக்கிற கசப்பு.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து அவள் போட்ட சோற்றை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

"நல்லா இருக்கும்மா" என்றேன்.

அப்பாவும் நக்கிப் பார்த்துவிட்டு "சூப்பர்!" என்றார். அப்பாவுக்கு எல்லாமே சூப்பர்தான். கருகிய பாலைக்கூட அப்படித்தான் சொன்னார்.

ஜூன் 10, திங்கள்

அம்மா அதை ஒரு பாட்டிலில் கேன்டீனுக்கு எடுத்துப்போயிருக்கிறாள். அங்கே மாவு பிசைகிற அக்காவிடம், "என் பொண்ணு செஞ்சது" என்று கொடுத்திருக்கிறாள். அந்த அக்கா ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏக்கா, உன் பொண்ணு வேப்பங்காயைப் பிழிஞ்சாளா?" என்றாராம்.

இதைச் சொல்லும்போது அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள்: "நீதான் என் நாக்குன்னு நெனச்சேன். நாக்கு எங்கயாவது மரியாத பாக்குமா?"

ஐயோ. ஏன்டி, ஒரு வார்த்தை. "கசக்குதும்மா." அது வாயிலிருந்து வர என்ன கேடு உனக்கு?

ஜூன் 11, செவ்வாய்

'நல்லா இருக்கு' என்பது ஒரு ருசி இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

கசப்பு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். தோலுக்கு அடியில் உள்ள வெள்ளைச் சதை. மேலே மினுங்குகிற ஆரஞ்சு நிறத்தை மட்டும் லேசாகத் துருவ வேண்டும். வெள்ளை தெரிந்ததும் பழத்தைத் திருப்பிவிட வேண்டும். இன்று நானே துருவினேன். விரல் நுனியையும் கொஞ்சம் துருவிக்கொண்டேன்.

இந்த முறை அம்மா 'நல்லா இருக்கா' என்று கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"கண்ண மூடு. மொதல்ல எது வருது?"

"இனிப்பு."

"எங்க வருது?"

"எங்கன்னா?"

"வாயில எந்த எடத்துலடி? பல்லுலயா, நுனியிலயா?"

"நுனியில."

"அப்புறம்?"

"புளிப்பு. அது… வாயிலயே இல்லம்மா. காதுக்குக் கீழ இழுக்குது. தாடை மூலையில."

அம்மா தன் தாடை மூலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அங்கே ஏதோ வைத்திருந்து மறந்தவள் மாதிரி.

"ஆமா. அங்கதான் வரும். எவ்வளவு இழுக்குது? சும்மா கிள்ளுற மாதிரியா, வாத்தியார் காதத் திருகுற மாதிரியா?"

"கிள்ளுற மாதிரிகூட இல்ல. தொடுற மாதிரி."

இன்னொரு கரண்டி வினிகர் விட்டாள். கொதிக்கும்போது விட்டால் அதன் புளிப்பு ஆவியோடு பறந்துவிடுகிறது, இறக்கப்போகும்போது விட்டால் நிற்கிறது என்று என் பதில்களை வைத்தே கண்டுபிடித்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் சரிசெய்தாள். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் பேசிக்கொண்டிருந்தோம். கூடத்திலிருந்து அப்பா, "நம்ம வீட்டு ரேடியோவுல சத்தம் வருது! யாரு ரிப்பேர் பண்ணது?" என்றார்.

நான் இவ்வளவு பேசி அம்மா கேட்டதில்லை. எனக்குள்ளே இவ்வளவு வார்த்தை இருந்தது எனக்கே தெரியாது. அவளுடைய நாக்கு போனதற்கு நன்றி சொல்ல முடியுமா? பாவம், முடியாது. ஆனாலும் இன்று எனக்குக் கிடைத்ததை வேறு எந்தப் பெயரால் எழுதுவது?

ஜூன் 19, புதன்

ஒரு சிக்கல். ஞாயிற்றுக்கிழமை செய்த அதே அளவுதான். சர்க்கரை, வினிகர், சாறு, எதையும் மாற்றவில்லை. இன்று செய்தது வெறும் சர்க்கரைப் பாகு மாதிரி இருந்தது. காரணம் பழம். அப்பா இன்று வேறு கடையில் வாங்கி வந்திருந்தார்.

"அளவு எழுதி வச்சுக்கிட்டுப் போயிடலாம்னு பாத்தேன்" என்றாள் அம்மா. "பழம் நம்ம எழுதுறதப் படிக்காது போல."

அங்கே கேன்டீனில் என்ன பழம் வருமோ! ருசி பார்க்காமல் செய்ய முடியாத சமையல் இது. ஆக, அன்றைக்கு நானும் போக வேண்டும். பாத்திரம் தூக்க உதவிக்கு வந்தவள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

சைகை அப்பாவின் ஏற்பாடு: புளிப்பு போதாது என்றால் நான் காதைத் தொட வேண்டும். இனிப்பு போதாது என்றால் மூக்கு நுனி. எல்லாம் சரி என்றால் கும்பிடு. "அம்பயர் மாதிரி நில்லு. கைய மட்டும் ரெண்டையும் மேல தூக்கிடாத, சிக்ஸர்னு நெனச்சுடப்போறாங்க."

சனிக்கிழமைக்கு விடுப்புக் கேட்க வேண்டும். மேலாளரிடம். நேரில்.

ஜூன் 20, வியாழன்

கேட்டுவிட்டேன். "சரி, எடுத்துக்கோங்க" என்றார். அவ்வளவுதானா? இதற்கா காலையிலிருந்து ஒத்திகை பார்த்தேன்?

ஜூன் 22, சனி

வரிசையாக எழுதுகிறேன்.

கேன்டீன் சமையலறையில் அம்மாவை இன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். வீட்டில் இருக்கிற அம்மா இல்லை இவள். நான்கு அடுப்பு எரிகிறது, ஆளாளுக்கு "அக்கா, அக்கா" என்கிறார்கள், இவள் தலையைத் திருப்பாமலே எல்லோருக்கும் பதில் சொல்கிறாள். எண்ணெய் காய்ந்ததை அதன் சத்தத்திலேயே தெரிந்துகொள்கிறாள். இவளையா பாத்திரம் தேய்க்கத் தள்ளுவார்கள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

பெரிய வாணலியில் சாஸ் கொதித்தது. சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து, யாரும் பார்க்காதபோது என் பக்கம் தள்ளினாள். ருசி பார்த்தேன். இனிப்பு, இனிப்பு, இனிப்பு. தாடை மூலையில் ஒன்றுமே இல்லை.

காதைத் தொட்டேன். அந்த நேரம் பார்த்து மேனேஜர் எங்களுக்கு நடுவில் வந்து நின்றார். "ஆச்சாம்மா? உள்ள காத்திருக்காங்க." நல்ல அகலமான மனிதர். அவர் முதுகைத் தாண்டி என் காதும் தெரியவில்லை, அம்மாவின் கண்ணும் தெரியவில்லை. இந்தப் பக்கம் நகர்ந்து காதை இழுத்தேன். அவரும் நகர்ந்தார். மாவு பிசைகிற அக்கா என்னைப் பார்த்து, "பாப்பா, காது வலிக்குதா?" என்றார்.

அம்மா அகப்பையை எடுத்துவிட்டாள். தட்டுகள் வரிசையாக இருந்தன.

"அம்மா! புளிப்பு பத்தல!"

அது என் குரல்தான். மொத்தச் சமையலறையும் திரும்பியது.

மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "செய்யுறது அவங்க. புளிப்பு பத்தலன்னு நீ சொல்றியா?"

அம்மா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அகப்பையை மெதுவாக ஓரத்தில் வைத்தாள்.

"சார், காய்ச்சல் வந்ததுலேருந்து எனக்கு ருசி தெரியல. வாசனையும் தெரியல. இவதான் ருசி பாத்துச் சொல்றா."

மாவு பிசைகிற அக்கா சொன்னார்: "இத போயி இவ்வளவு ரகசியமா வச்சிருக்கியேக்கா. எங்களுக்கு எப்பவோ தெரியும்."

"என்னடி தெரியும்?"

"நீ அந்தப் பக்கம் திரும்புனா நான்தான் உப்பு பாக்குறேன். தேவைன்னா ஒரு கல்லு போடுவேன்."

"என் சட்டியில நீ கை வச்சியா?" அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்திய கத்தலில் பாத்திரம் தேய்க்கிற பெண்கள் சிரித்துவிட்டார்கள். மேனேஜரும் சிரித்தார். நான் மட்டும் அழுதுவிடுவேன் போல் நின்றேன். இத்தனை நாளாக இவர்கள் எல்லோரும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். நானும் ஆயுசுக்கும் வாயைத் திறக்காதவள்தான், இப்படி ஒருவருக்கு உதவுகிற மாதிரி ஒருநாளாவது இருந்திருக்கிறேனா?

மேனேஜர் கிண்ணத்தை எடுத்து, தானே ஒரு வாய் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். "பொண்ணு சொல்றது சரிதான். பாயசத்துல காலிஃபிளவரப் போட்ட மாதிரி இருக்கு." அப்புறம் அம்மாவிடம், "ருசி பாக்க ஆள் இருக்காங்க. அடுப்பு உங்க கையில இருக்கட்டும். மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

அம்மா வினிகரை எடுத்தாள். இந்த முறை சைகை இல்லை. எல்லோர் முன்னாலும் கிண்ணத்தை நீட்டினாள். "சொல்லு."

"கிள்ளுது. இன்னும் கொஞ்சம்." விட்டாள். "இப்ப திருகுதும்மா. போதும்."

உள்ளே இருந்தவர்கள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

ஜூன் 23, ஞாயிறு

நன்றி என்று அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், "என்னடி, விருந்தாளி மாதிரி" என்பாள். இங்கே எழுதி வைக்கிறேன். அம்மாவுக்கு. மாவு பிசைகிற அக்காவுக்கு. அகலமான முதுகுக்கும்கூட. அது குறுக்கே வராமல் இருந்திருந்தால் நான் காதைத் தொட்டுவிட்டுச் சும்மா வந்திருப்பேன்.

ஜூலை 5, வெள்ளி

கூட்டத்தில், "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்றார்கள். மன்னிப்புக் கடிதம் போவதற்கு முன்னால் பார்சலுக்கு உரியவருக்கு ஒரு போன் போட்டுவிடலாமே என்று சொன்னேன். "நல்ல யோசனை, நீங்களே பண்ணுங்க" என்றுவிட்டார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அப்பா ஆசைப்பட்டுக் கேட்டார் என்று வீட்டில் ஆரஞ்சு சாஸ். தோல் துருவுவது இப்போது என் வேலை. வெள்ளை படாமல், விரலும் படாமல்.

பதம் வந்ததும் அம்மா வழக்கம்போல் எனக்காகக் கரண்டியில் எடுத்து ஊதினாள். ஒரு துளி அவள் விரலில் சொட்டியது. துணி எட்டவில்லை. விரலை வாயில் வைத்தாள்.

அப்படியே நின்றாள்.

அவளுடைய மற்றொரு கை மெல்ல எழும்பி, தாடை மூலையைத் தொட்டது.

"காதுக்குக் கீழ… லேசா இழுக்குதுடி."

நான் இன்னும் வாயில் வைக்கவே இல்லை. கூடத்திலிருந்து அப்பா, "என்ன, ரேடியோ மறுபடியும் நின்னு போச்சா?" என்றார்.

கரண்டியை வாங்கி ருசி பார்த்தேன். உண்மைதான், புளிப்பு ஒரு பிடி தூக்கலாக இருந்தது. அதைச் சொல்ல நிமிர்ந்தேன்.

அதற்குள் அம்மா சர்க்கரை டப்பாவைத் திறந்திருந்தாள்.