அறுநூற்றுப் பன்னிரண்டு முடிச்சுகள்

கட்டுகஸ்தோட்டை
03.09.2024

தம்பி முஸ்அபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சலாம் சொல்வது கடமை என்பதால் சொல்கிறேன். போனில் பேசினால் பிறகு இல்லை என்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

கண்டிக் கண்காட்சியில் நம் மாதிரிக் கப்பலைப் பார்த்தேன். முன்னால் ஓர் அட்டை: 'ஒல்லாந்தர் காலத்துப் பாய்க்கப்பல். செய்தவர்: எம். முஸ்அப்.' உன் மனைவி ருக்கியா பக்கத்தில் நின்று யாரிடமோ, "எல்லாம் இவர் தனியாத்தான் செஞ்சார், மிச்சம் கஷ்டப்பட்டார்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பேச்சை மாற்றினாள்.

நாற்பத்தெட்டில் ஒன்றாகச் சுருக்கி வரைபடம் போட்டுத் தந்தது யார்? மூன்று பாய்மரம், பதினேழு பாய், அறுநூற்றுப் பன்னிரண்டு முடிச்சு. மூன்று வருஷம் நூலுக்குத் தேன்மெழுகு பூசிப் பூசி என் விரல் நுனி மரத்துக் கிடக்கிறது. கப்பல் கொழும்புக் கண்காட்சிக்குப் போகுமுன் அட்டையில் என் பெயரும் வர வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

ராத்தா அஸீமா


பிலிமத்தலாவை
09.09.2024

ராத்தாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். ஓர் அட்டைக்கு இத்தனை கோபமா? அது உள்ளங்கை அளவுதான், இரண்டு பெயருக்கு இடமில்லை. பலாப் பலகையை நீராவியில் வளைத்து, சட்டம் சட்டமாக அறுத்துக் கப்பலின் உடம்பைச் செய்தவன் நான். நீங்கள் நூல் கட்டினீர்கள். பொத்தான் தைத்தவர் சட்டையே என்னுடையது என்பாரா?

மேல்தளத்தை மூடுமுன் செய்தவர்களின் பெயரை அடிக்கட்டையில் எழுத வேண்டும், அதுதான் வழக்கம் என்று நீங்கள்தானே எங்கோ வாசித்துச் சொன்னீர்கள். இருவர் பெயரையும் எழுதித்தான் மூடினேன். அது போதாதா?

முஸ்அப்


கட்டுகஸ்தோட்டை
17.09.2024

முஸ்அபுக்கு,

கண்டியிலிருந்து கப்பல் திரும்பி வந்த பிறகு, நீ கொழும்பு போயிருந்த இரண்டு நாளும் உன் பட்டறையில்தான் இருந்தேன். நூல் தளர்ந்திருக்கிறது, இறுக்க வந்தேன் என்றேன். ருக்கியா நம்பி பிளேன்டியும் ஊற்றித் தந்தாள். பொய் சொன்னதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன், உன்னிடம் இல்லை.

ஒரு நூலையும் வெட்டவில்லை. முடிச்சு முடிச்சாக அவிழ்த்து, சுற்றி, பிஸ்கட் டின்னில் போட்டு எடுத்து வந்துவிட்டேன். இழுத்துப் பிடிக்க நூல் இல்லாமல் பாய்மரங்கள் கழன்றுவிட்டன. மேசையில் படுக்க வைத்திருக்கிறேன். பொத்தான் இல்லாத சட்டையைப் போட்டுக்கொண்டு கொழும்புக்குப் போ.

ஒன்று மட்டும் சொல். அடிக்கட்டையில் என் பெயரை எதால் எழுதினாய், எந்த இடத்தில் எழுதினாய்?

அஸீமா ராத்தா


பிலிமத்தலாவை
20.09.2024

ராத்தா,

நீங்கள் செய்தது அநியாயம். முப்பதாம் திகதி கப்பலை எடுக்க வருகிறார்கள். இப்போது அது பேக்கரிப் பாண் கூடை மாதிரிக் கிடக்கிறது. உங்களை உள்ளே விட்டது தன் பிழை என்று ருக்கியா அழுதுகொண்டிருக்கிறாள். பிள்ளைகளுக்குப் படிப்பித்த டீச்சர் செய்கிற வேலையா இது?

வந்து கட்டித் தாருங்கள். அட்டையின் அடியில் 'உதவி: அஸீமா' என்று சிறிதாகப் போடுகிறேன். அதற்குமேல் கேட்க வேண்டாம்.

கேட்டதற்குப் பதில்: பென்சிலால். மூத்தவர் என்பதால் மேலே உங்கள் பெயர், கீழே என்னுடையது. வல்லாஹி, எழுதினேன்.

முஸ்அப்


கட்டுகஸ்தோட்டை
24.09.2024

முஸ்அபுக்கு,

அல்லாஹ்வின் பெயரை இதற்குள் இழுத்திருக்க வேண்டாம்.

நடுப் பாய்மரம் கழன்று கையோடு வந்த அன்றே, மேல்தளத்தில் சரக்கு இறக்கும் வாசலால் போன் வெளிச்சத்தை விட்டு, மரம் நின்ற குழி வழியாகக் குனிந்து பார்த்தேன். சிவப்பு மையில் 'முஸ்அப் 2021'. அவ்வளவுதான். பார்த்துவிட்டுத்தான் உன்னிடம் கேட்டேன்.

'எழுதவில்லை ராத்தா' என்று ஒரு வரி வந்திருந்தால், டின்னைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வந்திருப்பேன். அந்த 'உதவி'யையும் பொறுத்துக்கொண்டு கட்டித் தந்திருப்பேன். ஊசியும் மெழுகும் கைப்பையில் எடுத்து வைத்து, உன் கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இனி வரமாட்டேன். நூலைத் தேடி ஆளும் அனுப்பாதே. தடித்ததெல்லாம் அவரைப் பந்தலுக்குக் கட்டியாயிற்று.

அட்டையில் இடமில்லை என்றாய். அடிக்கட்டையில் உன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சாண் வெறுமையாகக் கிடந்தது.

அஸீமா