லூசியம்மாள் முன் ஒரு ஜோடிக் கண்மலர்

டப்பாவைத் திறந்ததும் பச்சைக் கற்பூர வாசம். பட்டுத்துணிக்குள் ஒரு ஜோடி வெள்ளிக் கண்மலர். உம் பதிமூன்றாம் நாள் காரியங்கள் முடிந்த கையோடு உம் பையன் ஸ்ரீரங்கத்திலிருந்து புத்தூருக்கு வந்து கொடுத்துவிட்டுப் போனான். "சாருக்குக் கண் மங்கிண்டு வரது, இதைச் சேர்த்துடுன்னு அப்பா கடைசியில சொன்னார்" என்றான். அவன் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது, ஓய்.

எங்கள் வீட்டுக் கூடத்துப் படத்தை நீர் முதலில் பார்த்த நாள் நினைவுக்கு வருகிறது. ரயில்வே ஆபீஸ் விட்டு என்னோடு வீட்டுக்கு வந்திருந்தீர். இத்தாலி தேசத்துச் சாமியார் ஒருவர் ஊர் திரும்பும்போது என் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போன மரப்பலகைப் படம். நானூறு வருஷமாவது இருக்கும் என்பார் அப்பா. தங்கரேக்குக்கு முன்னால் சிவப்புப் போர்வையில் ஒரு பெண், கையில் தட்டு, தட்டில் இரண்டு கண்கள். வருகிறவர்கள் பயந்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நீரோ கிட்டே போய், "சமயபுரத்துல கண்மலர் சாத்த நிக்கறவ மாதிரின்னா இருக்கா! எவாத்துக் கண்ணுக்கு வேண்டிண்டாளோ, பாவம்" என்றீர். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"ஓய், அவங்க லூசியம்மாள், புனிதை. விசுவாசத்துக்காகத் தன் கண்ணையே கொடுத்தவங்க. கண் நோவுக்கு நாங்க அவங்ககிட்டதான் வேண்டிக்குவோம்" என்றேன். கேலிக்குப் பெயர்போன நீர், குனிந்து அந்தத் தட்டை இன்னொரு தரம் பார்த்தீர்.

பிறகு உம் பையனுக்குக் கண்ணில் பூ விழுந்தது. ஆஸ்பத்திரிக்கும் நடந்தீர், சமயபுரத்துக்கும் வேண்டிக்கொண்டீர். லூசியம்மாளிடமும் சொல்லிவைத்தது எனக்குத் தெரியாது. கண் தெளிந்ததும் இரண்டு ஜோடி செய்து, ஒன்றை மாரியம்மனுக்குச் சாத்திவிட்டு, மற்றதோடு எங்கள் வாசலில் வந்து நின்றீர். அப்பா வழிமறித்தார். "சாமி, இதெல்லாம் உங்க கோயில்ல வெச்சுக்கங்க. இந்த வீட்டுல வேணாம்."

"தப்பா எடுத்துக்காதேங்கோ. வேண்டிண்டுட்டேன், அதான்" என்று சொல்லி, நான் வாயைத் திறப்பதற்குள் படியிறங்கிவிட்டீர்.

மறுநாள் ஆபீசில் வழக்கம்போல என் கையெழுத்தைக் கேலி செய்தீர். அந்த வெள்ளியைப் பற்றி அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. எங்கள் வீட்டுப் பக்கம் மட்டும் வரவே இல்லை. ஒரு தடவை என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருக்கிறது. திருப்பியனுப்பிய வீட்டுக்காரனின் கண்ணுக்காகவா அதை இத்தனை காலம் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்தீர்?

இப்போது அப்பாவும் இல்லை, தடுக்க யாரும் இல்லை. சாயங்காலம் கண்மலரைப் படத்துக்குக் கீழே வைத்தேன். தட்டிலிருக்கும் கண்கள் எனக்கு மங்கலாகத்தான் தெரிகின்றன. உம் வெள்ளி மட்டும் பளிச்சென்று இருக்கிறது.

எவாத்துக் கண்ணுக்கு என்று அன்று கேட்டீரே. எங்காத்துக் கண்ணுக்குத்தான், ஓய்.