பாய்மரத்தில் கட்ட ஒரு துண்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். நெற்றியில் மட்டும் ஒரு புடைப்பு, அதுவும் எனக்கு அழகாகத்தான் இருக்கிறது.

நேற்றுதான் பயிற்சிப் படகின் சுக்கான் பிடியை முதன்முறையாக என்னிடம் கொடுத்தார்கள். படகு இடப்பக்கம் திரும்ப, பிடியை வலப்பக்கம் தள்ள வேண்டும். நீங்கள் சொன்னதற்கெல்லாம் நேர்மாறாகச் செய்தே வளர்ந்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்தேன். அவசரத்தில் இடப்பக்கமே தள்ளிவிட்டேன். பின்காற்றில் பாய் சட்டென்று மறுபக்கம் புரண்டது. பாயின் அடி ஓரத்தைப் பிடித்திருக்கும் கட்டை நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்து என்னைத் தண்ணீருக்கு அனுப்பிவைத்தது.

"டேய், காத்து எங்கேருந்து வருதுன்னு பாத்தியா?" என்று கத்தினார் பயிற்சியாளர்.

"பாத்தேன் சார், கண்ணுக்குத் தெரியல!"

எல்லோரும் சிரித்தார்கள். காற்றின் போக்கைக் காட்ட, பாய்மரத்தைத் தாங்கும் கம்பியில் அவரவர் ஒரு துணியைக் கட்டிப் பறக்கவிடுகிறார்கள். ஒருவன் தங்கையின் ரிப்பனைக் கட்டியிருக்கிறான். நான் இன்னும் எதுவும் கட்டவில்லை.

அம்மாவின் புடவைகளை அடுத்த மாதம் யாருக்கோ கொடுக்கப்போவதாக அத்தை எழுதியிருந்தார். கொடுங்கள். அந்த நீலப் புடவையில் மட்டும் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு எடுத்து அனுப்புங்கள். கடைசியாக முகம் பார்க்கக்கூட வர முடியாத எனக்கு அது போதும். நீங்கள் கிழிக்க வேண்டாம், அத்தையிடம் கத்தரிக்கோலைக் கொடுங்கள். கூடவே இரண்டு ஜோடி காலுறையும்.

மணி அடித்துவிட்டார்கள், ஓடுகிறேன். துண்டைத் துவைத்துவிடாதீர்கள், அப்பா.

உங்கள் வாலுப் பையன்