பாதை பிரியும் இடத்தில் இருந்த பை

அக்டோபர் 3, சனி

கடையில் கூட்டமில்லை. புதுக் கண்ணாடி வாங்க வந்த பெரியவர் அதை மாட்டிக்கொண்டு தன் மனைவியைத் திரும்பிப் பார்த்து, "உனக்கு இவ்ளோ நரைச்சிடுச்சா" என்றார். அந்த அம்மா என்னிடம், "தம்பி, அவருக்குப் பழைய கண்ணாடியே போதும்" என்றார். லென்ஸ் தேய்க்கிற பையன்கூட உள்ளேயிருந்து சிரித்தான்.

நாளை மலை. மச்சான் முழங்கால் வலி என்று இழுக்கிறான். வராவிட்டால் போகட்டும், தனியாகப் போவேன். சாக்குப்பை எடுத்து வைத்தாயிற்று. மலைப்பாதையில் கிடக்கிற பாட்டிலும் பிளாஸ்டிக்கும் நான் பொறுக்கிக்கொண்டு வருவதில் என் மனைவி, இவளுக்குத் தீராத கேலி. "வீட்டுக் குப்பைய கொட்டச் சொன்னா மட்டும் இடுப்பு பிடிச்சிக்கும்."

அக்டோபர் 4, ஞாயிறு

தனியாகத்தான் போனேன். பாதி மலைக்கு மேல் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், சாய்ந்த பாறைக்கு அடியில் ஒரு பெரிய முதுகுப்பை கிடந்தது. மேலே பச்சை விரிப்பு. விரிப்பு முழுக்கச் சருகு, நல்ல ஈரம். பல நாளாகக் கிடக்கிறது என்று நினைத்தேன். கூப்பிட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்தும் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. சிகரம் வரை போகாமல் அதைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். நல்ல கனம். அடிவாரத்தில் வனத்துறைச் சாவடி பூட்டியிருந்தது. அதனால் வீட்டுக்கே கொண்டுவந்தேன்.

இறங்கும்போது மனம் குளிர்ந்துதான் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். இந்தத் தடவை சாக்குப்பைக்குள் அடங்காத குப்பை என்று மச்சானிடம் பீற்றிக்கொள்ளலாம் என்றெல்லாம் யோசித்தபடி வந்தேன்.

பெயரோ போன் நம்பரோ இருக்கிறதா என்று பார்க்கக் கூடத்தில் பிரித்தோம். சின்ன டென்ட், தூங்கும் பை, கம்பளிச் சட்டை, அடுப்பு, டார்ச். பெயர் எங்கும் இல்லை. இவள் ஒரு டப்பாவைத் திறந்து பல் துலக்கும் பிரஷ்ஷைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஈரமா இருக்குங்க."

மழைத் தண்ணீர் இறங்கியிருக்கும் என்றேன். டப்பா இறுக்கமான டப்பா. நான் எல்லாவற்றையும் உள்ளே திணித்து ஜிப்பை இழுத்துவிட்டேன்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது.

அக்டோபர் 5, திங்கள்

காலையில் இவள் மறுபடி பையைத் திறந்திருக்கிறாள். தாளில் சுற்றிய அவித்த முட்டை. உடைத்து முகர்ந்து பார்த்துவிட்டு என் முன்னால் வைத்தாள். துளிகூட நாற்றம் இல்லை.

"இது பல நாள் கிடந்த பையா? நேத்துக் காலைல அவிச்சதுங்க இது."

மச்சானுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"மாமா, அந்தப் பிரிவுல எல்லாரும் பைய வெச்சிட்டுத்தான் மேல போவாங்க. அவ்ளோ கனத்த யாரு சிகரம் வரைக்கும் சுமப்பா? தண்ணி பாட்டில மட்டும் எடுத்துட்டுப் போயிட்டு, சாயங்காலம் இறங்கி வந்து அங்கயே டென்ட் அடிப்பாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. காலையில் ஏறி மாலையில் இறங்குகிறவன் நான். மலையில் ஒருநாளும் தங்கியதில்லை. எனக்குத் தரையில் கிடப்பதெல்லாம் யாரோ விட்டுப்போனது.

மதியம் சாவடிக்குப் போன் செய்தேன். யாராவது காணாமல் போயிருக்கிறார்களா என்று கேட்டேன். "ஏங்க கேக்கறீங்க? மலைக்குப் பின்பக்க வாசல்ல ஒரு ஸ்கூட்டர் நேத்துலேருந்து நிக்குது. ஒரு பொண்ணோடதாம். இன்னும் இறங்கல. மேல ஒரே பனிமூட்டம், ஆளு அனுப்ப முடியல." வாய்வரை வந்தது. "சும்மாதான் கேட்டேன்" என்று வைத்துவிட்டேன்.

சும்மாவா? சும்மாதான் கேட்டேனா?

போலீஸ் வரும். திருடன் என்பார்கள். அது போகட்டும் — அந்தப் பெண் அங்கே எதைப் போர்த்திக்கொண்டிருக்கிறாள்? காலையில் இவள் வெளியே எடுத்த கம்பளிச் சட்டை என் வீட்டு நாற்காலியில் தொங்குகிறது.

அக்டோபர் 6, செவ்வாய், காலை

இவள் சொல்லிவிட்டாள்: "நீங்க போறீங்களா, இல்ல நான் போகட்டுமா?" பையை வண்டியின் டிக்கியில் போட்டிருக்கிறேன். கிளம்புகிறேன்.

அதே நாள், மாலை

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சாவடியில் மீட்புக்காரர்கள் நின்றார்கள். பெஞ்சில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தார். காணாமல் போனவளின் அக்கா. வேறு இடமில்லாமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். நானும் தேட வந்தவன் என்று நினைத்துக்கொண்டு, பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார்.

"எனக்கு அவ்ளோ பயமில்லங்க" என்றார். "அவ எல்லாத்துலயும் முன்யோசனக்காரி. டென்ட் வெச்சிருக்கா. நல்ல தூங்குற பை, நான்தான் வாங்கிக் குடுத்தேன். அடுப்பு இருக்கு. எத்தன நாள் மழ பெஞ்சாலும் உள்ளயே சுருண்டு படுத்துக்குவா."

அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, எல்லாம் இருபதடி தள்ளி என் டிக்கியில் இருந்தது. காபியைக் குடிக்காமல் கீழே வைத்தேன். இப்போது சொல், இப்போது சொல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, "ஆமாங்க" என்றேன். ஆமாங்களாம். என்ன மனுஷன்டா நீ.

அப்போது மீட்புக் குழுத் தலைவர் வந்து, டென்ட் அடிக்கத் தோதான சமதளங்களை எல்லாம் பார்க்க ஆள் அனுப்பியிருப்பதாகச் சொன்னார். டென்ட் இருப்பதால் கண்ணில் படாமல் போகாது என்றார். அதைக் கேட்டதும்தான் உறைத்தது. நான் வாயை மூடிக்கொண்டிருப்பதால் அவளை அவள் இருக்கவே முடியாத இடங்களில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

எழுந்தேன். "டென்ட் அவங்ககிட்ட இல்லைங்க. என்கிட்ட இருக்கு."

டிக்கியைத் திறந்தேன். அக்கா பையைத் தொட்டுப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "அப்ப அவகிட்ட என்னதான் இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

தலைவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியவில்லை. "இத நேத்தே சொல்லியிருக்கலாம்ல?" பிறகு வேலையில் இறங்கிவிட்டார். எங்கே எடுத்தேன், எந்நேரம், எந்தப் பாறை என்று கேட்டார். "பை இல்லன்னா நேரா கீழ இறங்கியிருக்கணுமே. ஏன் இறங்கல?"

அக்காதான் சொன்னார். "பைய யாரோ எடுத்துட்டாங்கன்னு அவ நினைக்கவே மாட்டா சார். தான் வழிமாறி வேற இடத்துக்கு வந்துட்டோம்னுதான் நினைப்பா. வீட்ல சாவி காணோம்னாகூட யாரையும் கேக்க மாட்டா. தன்னையேதான் திட்டிக்குவா."

தலைவர் சற்று நேரம் வரைபடத்தைப் பார்த்தார். "மேல அதே மாதிரி இன்னொரு பிரிவு இருக்கு. அங்கயும் சாஞ்ச பாற." அதுதான் தன் இடம் என்று நினைத்து, இருட்டுகிற நேரத்தில் அவள் மறுபடி மேலே ஏறியிருப்பாள் என்றார்.

எல்லோரும் அந்தப் பக்கம் போனார்கள். என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். இவள் தட்டு வைத்தாள். சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

அக்டோபர் 7, புதன்

விடிந்ததும் மறுபடி போய் நின்றேன். மூட்டம் கொஞ்சம் விலகியிருந்தது. அவளைத் தூக்குப்படுக்கையில் கொண்டுவந்தார்கள்.

உயிர் இருக்கிறது. இருக்கிறது. மேல் பிரிவுக்குக் கீழே ஓடைப் பள்ளத்தில் விழுந்து கணுக்கால் உடைந்து கிடந்திருக்கிறாள். உதடு நீலம். கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. அக்கா என்னைத் தாண்டித்தான் ஆம்புலன்சுக்குப் போனார். என் பக்கம் திரும்பவில்லை.

அக்டோபர் 8, வியாழன்

கடைக்குப் போனேன். இரண்டு லென்ஸை உடைத்தேன்.

அக்டோபர் 12, திங்கள்

அந்தப் பெண்ணுக்குக் காலில் தகடு வைத்துத் தைத்திருக்கிறார்களாம். மச்சான் விசாரித்துச் சொன்னான். புகார் கொடுப்பதா என்று குடும்பத்தார் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையாம். அழைப்பு மணி அடித்தால் எனக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. இன்று வந்தது காஸ்காரர். அவரிடம் என்ன பேசினேன் என்றே நினைவில்லை. "மாமா, உங்கள பாத்து இனிமே குப்பையே பயப்படும்" என்று மச்சான் தேற்றப் பார்த்தான். தெரியாமல்தான் செய்தேன் என்று இவள் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தெரியாது, சரி. திங்கட்கிழமை?

அக்டோபர் 20, செவ்வாய்

அக்காவிடமிருந்து செய்தி. "அவ உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம். நாளைக்குப் பேசுவா. எடுங்க."

என்ன கேட்பாள்? ஏன் எடுத்தாய் என்பாள். ஏன் ஒரு நாள் முழுக்க வாய் திறக்கவில்லை என்பாள். போலீஸே பரவாயில்லை.

அக்டோபர் 21, புதன்

கடைக்குப் பின்னால் சரக்கு அறையில் நின்று பேசினேன். மெல்லிய குரல். இரும வேண்டியிருந்ததால் விட்டுவிட்டுப் பேசினாள்.

"நீங்க பைய எங்க எடுத்தீங்க?"

பாதை பிரிகிற இடத்தில் என்றேன்.

"கீழ் பிரிவா, மேல் பிரிவா?"

"கீழ் பிரிவுங்க."

"அக்காவும் அதத்தான் சொல்றா. என் மனசு ஆறட்டும்னு சொல்றாளோன்னு இருக்கு. நான் அங்க வந்து நின்னேன். பாற இருந்துச்சு. பை இல்ல. எனக்குப் புத்தி பிசகிடுச்சுன்னே நினைச்சேன். இப்பவும் கதவப் பூட்டினா நம்ப முடியல, அடுப்ப அணைச்சா நம்ப முடியல. எல்லாத்தையும் அக்காவ விட்டுப் பாக்கச் சொல்றேன். நீங்க பாத்தத அப்படியே சொல்லுங்க."

சொன்னேன். இடப்பக்கம் சாய்ந்த பாறை, அதன் இடுக்கில் ஒரு செடி, பச்சை விரிப்பு. விரிப்பின் மேல் ஒரு தட்டையான கல். இதை இங்கேகூட நான் எழுதவில்லை. யாரோ வேண்டுமென்றே எடுத்து வைத்த கல் என்பது பார்த்தாலே தெரியும். அதைத் தூக்கிக் கீழே போட்டுவிட்டுத்தான் பையை எடுத்தேன். அதையும் சொன்னேன்.

"அந்தக் கல்ல நான்தான் வெச்சேன்" என்றாள். "காத்துல பறக்கக் கூடாதுன்னு."

திட்டுக்காக நான் காத்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப நான் சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கேன்."

"ஆமாங்க. சரியாத்தான் வந்திருக்கீங்க."

அழுகிறாள் என்று தெரிந்தது. அழுகைக்கு நடுவே ஒரு வார்த்தை சொன்னாள். அக்கா போனை வாங்கி, "போதும், வெச்சிடறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் இவள், "ரொம்பத் திட்டினாளா?" என்று கேட்டாள். இல்லை, வைக்கிறதற்கு முன்னால் நன்றி சொன்னாள் என்றேன்.