டெலவேர் கரையில் இரண்டு சைக்கிள்

வியாழன், அக். 9

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னிப்பு. யாரிடம் கேட்கிறேன், நோட்டிடமா? அப்பா வரப்போகிற குஷியில் இனியா இப்போதுதான் தூங்கினாள். லேசான இருமல். மழை விட்டாயிற்று.

நாளை சரவணன் வருகிறான். நேரில் பார்த்துப் பதினோரு வாரம் ஆகிறது. சனிக்கிழமை சைக்கிள், லாம்பர்ட்வில்லில் இருந்து டெலவேர் ஆற்றோரமாகவே வடக்கே. கல்யாணமான புதிதில் போட்ட திட்டம்.

எடுக்க வேண்டியவை:
- இன்ஹேலர் (இரண்டு)
- இனியா ஹெல்மெட், ஜாக்கெட், மாற்று உடை
- தயிர்சாதம், உருளைக்கிழங்கு
- ஈர டிஷ்யூ, பேண்ட்-எய்ட்

கேட்க வேண்டியது ஒன்றுதான்: எப்போது திரும்பி வருகிறாய்?

இங்கே அவனுக்கு வேலை போனபோது அடுத்தது கிடைத்தது நான்கு மணி நேர ஃப்ளைட் தூரத்தில், இர்விங்கில்தான். நானும் இந்த வேலையை விட்டுப் போயிருந்தால், கம்பெனி போட்ட என் கிரீன் கார்டு மனு மறுபடி முதலிலிருந்து. "ஆறு மாசந்தான்டா, பாத்துக்கலாம்" என்று சொன்னது நான். இரண்டு வருடம் ஆகிவிட்டது.

வெள்ளி, அக். 10

ஃப்ளைட் நாற்பது நிமிடம் தாமதம். அதற்குள் மனதில் என்னென்னவோ விபத்து.

ஒரே ஒரு சின்னப் பை. ஷூவைக் கழற்றிச் சுவரோரமாக ஒழுங்காக வைத்தான். குளிக்கப் போகும்போது, "எந்த டவல் எடுத்துக்கட்டும்?"

விருந்தாளி கேட்பது போல. அலமாரியைத் திறந்து காட்டினேன். "ஏதாவது எடுத்துக்கோ."

மாமியார் வீடியோ காலில்: "ரெண்டு பேரும் ஒரே ஸ்க்ரீன்ல தெரிஞ்சு எவ்ளோ நாளாச்சு! தள்ளி ஏன் உக்காந்திருக்கீங்க, கிட்ட வாங்க." நெருங்கி உட்கார்ந்தோம். ஃபோன் வைத்ததும் அவன் தண்ணீர் குடிக்க எழுந்துவிட்டான்.

சனி, அக். 11

நல்ல வெயில், குளிர் காற்று. வாடகைக்கு இரண்டு சைக்கிள், அவனுடையதன் பின்னால் இனியா உட்கார ட்ரெய்லர் என்கிற குட்டி இழுவண்டி. பெல்ட்டை நான்கு தடவை இழுத்துப் பார்த்தேன்.

"அவ ராக்கெட்ல போகல பானு."

சிரித்தேன். பழைய சரவணன்.

ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் மரங்களுக்கு நடுவே ஆறு. மேப்பிள் இலைகள் பாதி சிவப்பு. இருநூறு வருடக் கல் வீடுகள், ஜன்னலில் ஹாலோவீன் பூசணிக்காய். ஒரு கிழவர் வழிவிட்டு, "பியூட்டிஃபுல் ஃபேமிலி" என்றார். தேங்க்ஸ் சொன்னது நான் மட்டும்.

ஓரிடத்தில் கரும்பாறை. ஃபோனில் படித்து விளக்கினான்: "இது எரிமலைக் குழம்பு, குட்டி. வெளிய வராம பூமிக்குள்ளயே ஆறிப்போச்சு."

"இஸ் இட் ஸ்டில் ஹாட், அப்பா?"

"இல்லடா. தொட்டுப் பாரு."

தொட்டாள். நானும்.

அடுத்த ஊரான ஸ்டாக்டனில் பெஞ்சில் தயிர்சாதம். இனியா வாத்துகளைப் பார்க்கப் போனாள், கண்ணுக்கெட்டிய தூரத்தில். கேட்டுவிட்டேன்.

அவன் டப்பா மூடியை மூடினான், திறந்தான்.

"கோவமெல்லாம் இல்ல பானு. வேற யாரும் இல்ல, அப்படி நினைச்சுக்காத. தனியா இருந்து இருந்து பழகிடுச்சு. இங்க வந்தா மூணாவது நாள் எப்ப கிளம்பலாம்னு தோணுது. எனக்கே பயமா இருக்கு."

"அப்ப நான்?"

"தெரியல. நீதானே கார்டு வரட்டும்னு சொன்ன."

"நீ வேணாம்னு சொல்லியிருக்கலாமே."

"நீ கேக்கவே இல்லையே."

உண்மை. கேட்கவில்லை. அட்டவணை போட்டேன், எந்த வாரம் யார் வருவது என்று கலர் கலராக.

திரும்பும் வழி முழுக்க அவன் முன்னால். இனியா ட்ரெய்லரில் தூங்கிவிட்டாள். கண்ணாடி மங்கி, பாதை சரியாகத் தெரியவில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன். தூரத்தில் நின்று காத்திருந்தான். அதற்கும் அழுகை வந்தது.

ஞாயிறு, அக். 12

மேகமூட்டம். தொடை வலி. நியூவர்க் ஏர்போர்ட்டில் அவனை இறக்கிவிட்டேன். அணைத்துக்கொண்டான், ஒரு கையால். இன்னொரு கையில் பை.

காரில் இனியா: "இஸ் அப்பா கோயிங் ஹோம்?"

ஆமாம் என்றேன். என் வாயால்.

வீடு வந்து துணி மடித்தேன், லஞ்ச் பாக்ஸ் கழுவினேன், ஒன்பது தடவை மெசேஜ் எழுதி அழித்தேன். கடைசியில் அனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"சரவணா, லேண்ட் ஆயிருப்ப. கார்டு போனா போகட்டும். நாளைக்கு மேனேஜர்கிட்ட பேசப் போறேன். நானும் இனியாவும் அங்க வரட்டுமா? இந்தத் தடவை கேக்கறேன். வேணாம்னா வேணாம்னே சொல்லு, தாங்கிப்பேன். பதில் மட்டும் சீக்கிரம் போடு."