பொங்கல் வாரத்துப் படிகம்

மார்ச் 4, 2024
அத்திப்பட்டிலேயே ரயில் தாமதம். கல்லூரிக்குள் நுழைந்ததும் அளவீட்டு வரைபடத்தை ஆய்வகத்தில் கல்பனாவிடம் கொடுத்தேன். அவள் வளர்த்த படிகம். போன வாரம் பெங்களூர் ஆய்வகத்தில் கடுங்குளிரில் வைத்து நான் அளந்தது. காந்தப்புலம் ஏற ஏற மின்தடை அலையலையாக ஏறி இறங்குகிறது. அந்த அலைகளே நடுவில் தேய்ந்து மறுபடி பெருகுகின்றன. இதற்குப் பெயர் விம்மல்.

"அடுக்கு விட்டு அடுக்கு எலக்ட்ரான் தாவுது, ஹெலன்! அதான் இது" என்று எழுந்தே விட்டாள்.

ஏடு ஏடாக அடுக்கிய உலோகம். ஏட்டுக்குள் எலக்ட்ரான் தாராளமாக ஓடும், ஏடு தாண்டுவது அபூர்வம். அந்தச் சின்னத் தாவலை அளந்துவிட்டோமா? ஆனால் சற்றே சாய்ந்து ஒட்டிக்கொண்ட இரண்டு படிகங்களும் இதே விம்மலைத்தான் தரும். வளரும்போது அதிர்ந்தாலோ கரண்டு போனாலோ அப்படி ஒட்டும். வாசலில் இரும்பாலை லாரிகள் போனால் மேசையே நடுங்குகிற இடம் இது.

மார்ச் 5
கேட்டுவிட்டேன். "வளரும்போது கரண்டு கட் ஆச்சா?"

"லாரி ஓடாதுன்னுதானே பொங்கல் வாரமா பாத்து வெச்சேன்? பேட்டரிய வெச்சிக்கினு பக்கத்துலயே குந்திக்கினு இருந்தேன். ஊட்ல பொங்கல் வெக்கலன்னு மாமியார் இன்னும் மூஞ்சி குடுத்துப் பேசல. நீ இன்னாடான்னா ரெண்டு துண்டுன்ற."

"ரெண்டு துண்டுன்னு சொல்லல. தெரியாதுன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான், போ."

மதியம் தனித்தனியாகச் சாப்பிட்டோம். இதுவரை அப்படி நடந்ததில்லை.

மார்ச் 6
இன்றும் தனித்தனிச் சாப்பாடு.

மார்ச் 11
வழி இருக்கிறது. படிகத்தைச் சாய்த்துச் சாய்த்து அளக்க வேண்டும். இரண்டு துண்டு என்றால் விம்மல் நெருங்கிக்கொண்டே போகும். உண்மையான தாவல் என்றால் ஏதோ ஒரு கோணத்தில் அறவே மறையும். ஆனால் இன்னொரு முறை குளிர்வித்தால் படிகம் உடையலாம். இருப்பது இது ஒன்றுதான்.

சொன்னேன். கல்பனா படிகத்தை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தாள். படிகத்தை இடம் மாற்றக் குச்சி நுனியில் தலைமுடி ஒட்டுவாள். இன்று அவள் முடி வளைந்து வளைந்து போயிற்று. கேட்காமலே என் தலையிலிருந்து ஒன்றைப் பிடுங்கினாள்.

"நரச்சதுதான் கெட்டியா நிக்குது" என்றாள். சிரித்தாளா என்று தெரியவில்லை. முகம் நுண்ணோக்கியில் இருந்தது.

மார்ச் 19, பெங்களூர்
சாய்க்கச் சாய்க்க விம்மல் நீண்டுகொண்டே போனது. ஒரு கோணத்தில் — விம்மலே இல்லை. அலைகள் ஒரே உயரமாக நின்றன. தாண்டியதும் திரும்பி வந்துவிட்டது. கம்பிகளைச் சந்தேகப்பட்டேன். வெப்பமானியைச் சந்தேகப்பட்டேன். மறுபடி அளந்தேன். மறுபடியும் அதே கோணம்.

ஒரே படிகம்தான்.

போன் செய்தேன். "இன்னா, ஒடஞ்சிடுச்சா?" என்றாள்.

"இல்லடி. விம்மல் மறைஞ்சிடுச்சு. திரும்பவும் வந்துச்சு."

"மாவு அரைச்சிக்கினு இருக்கேன், அப்புறம் பேசறேன்."

கிரைண்டர் ஓடும் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

மார்ச் 20
வெளியே எடுக்கும்போது படிகம் உடைந்துவிட்டது. கல்பனாவிடம் சொன்னேன். "வேற வளத்துக்கலாம், நீ ஒழுங்கா சாப்ட்டு வண்டி ஏறு" என்றாள்.

ஜனவரி 14, 2025
லாரிகள் இல்லை. புதுப் படிகம் வளர்கிறது. வீட்டில் பொங்கல் வைக்கச் சொல்லி கல்பனாவை அனுப்பிவிட்டு, பேட்டரி பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

மதியம் தூக்குவாளியோடு வந்தாள். "மாமியார் குடுத்தாங்க. உன்ன தங்கமான பொண்ணுன்னுது கெழவி. பாவம், கண்ணு சரியா தெரியல."

இருவரும் வாளியிலிருந்தே சாப்பிட்டோம். கரண்டு போனதா என்று அவள் கேட்கவே இல்லை.