நாலு விரல் நீட்டிய கை

12-1-1968, வெள்ளி

பொங்கல் லீவுக்கு அவர் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். போன வருஷம் நான் பின்னிப் பட்டாளத்துக்கு அனுப்பிய சாம்பல் நிற ஸ்வெட்டர் டிரங்குப் பெட்டியில் மேலாகவே இருந்தது. கை நாலு விரல் கட்டை என்று ஐப்பசியில் அவர்தான் எழுதியிருந்தார். நீட்டிக் கொடுக்கலாமென்று மதுரையில் அதே நூலைத் தேடி வாங்கி வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் கை ஏற்கெனவே நீண்டிருக்கிறது.

"இது யாரு பின்னுனது?"

"கேம்ப் டெய்லருதான். ஏன், நல்லா இல்லையா?"

டெய்லர் தைப்பான். இது இரண்டு ஊசியில் கண்ணி எடுத்துப் பின்னியது. என் பின்னல் எப்போதும் இறுக்கம். இது பூப்போல இருக்கிறது. புதுசு சேர்ந்த இடத்தில் ஒரு முடிச்சுகூட விளக்கடியில் பிடித்தாலும் தெரியவில்லை.

"போட்டுக் காட்டுங்க" என்றேன்.

"இந்த வெக்கையிலயா?" என்று சிரித்தார். ஆனாலும் போட்டார். இரண்டு கையும் மணிக்கட்டில் வந்து கச்சிதமாக நின்றன.

அவர் தூங்கிய பிறகு மடித்து வைக்கும்போதுதான் கவனித்தேன். ஸ்வெட்டரில் இடது கை ஒரு விரல் நீளம். அப்படியானால் அவருக்கே இடது கை நீளம். கல்யாணமாகி நாலு வருஷம், எனக்கு அது தெரியாது.

பின்னல் புத்தகத்து அளவை நம்பாமல், ஆணியில் தொங்கிய அவர் சட்டையை விரித்து வைத்து அளந்து பின்னியவள் நான். இது சட்டையை வைத்து எடுத்த அளவு இல்லை.